லட்சுமி எங்கடா?

போன பொங்கலுக்கு எங்கள் புளோக்கில் மூத்தோருக்கு விருந்து வைத்தோம். பெயர் அட்டை அச்சடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாட்டிக்கு வரும் கடிதங்களில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பெயர் இருக்கும். இந்த ஒரு நாளாவது தமிழில் இருக்கட்டுமே என்று நானே ஆசைப்பட்டு ஒரு நிரல் எழுதினேன்.

காலையில் அட்டையை நீட்டினேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"முத்து மட்டும் வந்திருக்கான். லட்சுமி எங்கடா?"

முத்துலட்சுமி என்ற பெயர் 'முத்து'வோடு நின்றுபோயிருந்தது. பக்கத்தில் கறுப்பாக ஒரு டைமண்ட், அதற்குள் கேள்விக்குறி. அறுபது அட்டைகளில் பாதிக்கு மேல் இதே கதி.

நாம் படிக்கும் பெயர் நிரலுக்குள் ஓர் எழுத்துச்சரம். கோப்பில் சேமிக்கும்போது அது பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையிலான எண்களாக மாற வேண்டும். பைதானில் இதற்கு 'என்கோட்', திரும்ப எழுத்தாக்க 'டிகோட்'. மாற்றிக் கிடைக்கும் 'பைட்ஸ்' கல்வெட்டு மாதிரி, கை வைக்க முடியாது. 'பைட் அரே' சிலேட்டுப் பலகை, நடுவில் அழித்து எழுதலாம். நான் பெயருக்கு 20 பைட் என்று கணக்கு வைத்து, மிச்சத்தை பைட் அரேயிலிருந்து வெட்டிவிட்டேன்.

ஆங்கிலப் பெயருக்கு அது தாராளம், எழுத்துக்கு ஒரு பைட்தான். யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு மூன்று. 'அ' என்றால் 224, 174, 133. புள்ளிக்கும் உகரக் குறிக்கும்கூடத் தனித்தனியே மூன்று மூன்று. முத்துலட்சுமிக்கு மொத்தம் 39. 'முத்து'வே 18 பைட்டைச் சாப்பிட்டுவிட்டது. மீதி இரண்டில் 'ல' அரைகுறையாக நின்றது.

வெட்கக்கேடு என்னவென்றால், பைதான் முதல்நாள் இரவே பிழை சொல்லி நின்றுவிட்டது. தூக்கக் கலக்கத்தில், டிகோட் வரியில் 'ரீபிளேஸ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதன் வாயை அடைத்தவன் நான்தான். படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே போ என்று அதற்குப் பொருள். அச்சானதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பைட்டை எண்ணி வெட்டும் வரியையே எடுத்தேன். மூன்றின் மடங்காக வெட்டலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கேள்விக்குறி வராது, ஆனால் புள்ளி உதிர்ந்து 'ட்' வெறும் 'ட' ஆகிவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.

விருந்துக்கு அரை மணி நேரம் முன்புதான் புது அட்டைகள் வந்தன. பாட்டி விரலை வைத்து 'ட்'டின் மேல் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.