இளம் வீரர் தரவரிசையும் பிற்கால வளர்ச்சியும்

இளம் வீரர் தரவரிசை என்பது பள்ளிப் பருவத்திலுள்ள விளையாட்டு வீரர்களை அவர்களின் அப்போதைய ஆட்டத்திறனைக் கொண்டு வரிசைப்படுத்தி, கல்லூரி, விளையாட்டு விடுதி, தேசிய அணி போன்றவற்றுக்குத் தெரிவு செய்யும் முறையாகும். இவ்வாறு முன்னிடம் பெற்றவர்கள் பத்தாண்டுகள் கழித்து எந்நிலையை அடைகின்றனர் என்பது விளையாட்டுத் துறையில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வி ஆகும். கல்லூரி இடமும் அரசுப் பணியும் இத்தகைய பட்டியல்களோடு பிணைந்திருப்பதால், தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் இது வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கேள்வியாகும். கடலூர் மாவட்டத்தின் மகளிர் காற்பந்து இதற்கு வேறுபட்டதோர் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. தொடக்கத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத சிறுமிகள் அங்கிருந்து இந்திய அணி வரை சென்றுள்ளனர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் தரவரிசை

இம்முறை மிக விரிவாக வளர்ந்துள்ள நாடு அமெரிக்கா ஆகும். அங்கு 'காற்பந்து' எனப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் வேறோர் ஆட்டமாகும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக் கொள்கின்றன. இம்மாணவர்களைத் தனியார் நிறுவனங்கள் நட்சத்திரக் குறியிட்டு வகைப்படுத்துகின்றன. மிகச் சிறந்தவர்கள் எனக் கருதப்படும் ஏறத்தாழ 30 பேருக்கு ஆண்டுதோறும் ஐந்து நட்சத்திரம் அளிக்கப்படுகிறது. அவர்களுக்குக் கீழே நான்கு, மூன்று, இரண்டு நட்சத்திரம் பெற்றோர் உள்ளனர்.

இந்த மதிப்பீடு பொய்யானது அன்று. ஐந்து நட்சத்திரம் பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எப்.எல்-இன் ஆண்டுத் தெரிவில் இடம்பெறுகின்றனர். மூன்று நட்சத்திரம் பெற்றோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அந்நிலையை எட்டுகின்றனர். 2011-இல் நாட்டிலேயே முதலிடம் பெற்ற பள்ளி மாணவரான ஜடேவியன் கிளவுனி, 2014-இல் என்.எப்.எல் தெரிவிலும் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார்.

எனினும் மறுபக்கமும் உண்டு. இரண்டு நட்சத்திரம் மட்டுமே பெற்ற ஜே. ஜே. வாட், ஒரு சிறிய பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, உதவித்தொகை இன்றி விசுகான்சின் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தவர். அவர் பின்னர் ஆண்டின் சிறந்த தடுப்பு வீரர் விருதை மூன்று முறை (2012, 2014, 2015) வென்றார். மூன்று நட்சத்திரம் பெற்ற ஆரன் டொனால்டும் அதே விருதை மூன்று முறை (2017, 2018, 2020) பெற்றுள்ளார்.

விகிதமும் எண்ணிக்கையும்

மேற்கண்ட இரு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், கணக்கிட்டுப் பார்த்தால் முரண்பாடு இல்லை. என்.எப்.எல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 250 பேரைத் தெரிவு செய்கிறது. ஐந்து நட்சத்திரம் பெறுவோர் 30 பேரே. அந்த 30 பேரும் தவறாமல் தெரிவானாலும், எஞ்சிய 220 பேர் கீழ்த்தட்டுகளிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு மாவட்டத்தில் 1000 சிறுவர்கள் விளையாடுகின்றனர் எனக் கொள்வோம். அவர்களுள் முதல் 10 பேர் 'சிறந்தோர்' எனப் பட்டியலிடப்படுகின்றனர். அவர்களில் பாதிப்பேர், அதாவது 5 பேர், பெரிய வீரர்களாகின்றனர். எஞ்சிய 990 பேரில் 30-க்கு ஒருவர் மட்டுமே அந்நிலையை அடைகின்றனர் எனினும், அவர்கள் 33 பேர் ஆவர். பட்டியலில் உள்ள ஒருவருக்கு வாய்ப்பு மிகுதி. ஆனால் பெரிய வீரர்களில் பெரும்பாலோர் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள். தரவரிசையைப் பற்றிய விவாதங்களில் ஒரு சாரார் விகிதத்தையும் மறு சாரார் எண்ணிக்கையையும் பேசுவதால் குழப்பம் நேர்கிறது.

2017 உலகக்கிண்ண அணி

இந்தியாவில் இவ்வகைத் தெரிவு மிகுந்த கவனத்தோடு நடைபெற்ற ஒரு நிகழ்வு, 2017-ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணக் காற்பந்துப் போட்டி ஆகும். போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியா நேரடியாகத் தகுதி பெற்றது. நாடெங்கும் தேடித் தெரிவு செய்யப்பட்ட சிறுவர்களுக்குச் செருமானியப் பயிற்றுநர் நிக்கோலாய் ஆடமும், அவருக்குப் பின் போர்த்துகலைச் சேர்ந்த லூயிசு நோர்ட்டன் டி மாட்டோசும் பயிற்சி அளித்தனர். இறுதி அணியில் 21 பேர் இடம்பெற்றனர். இந்தியா அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என மூன்று ஆட்டங்களிலும் தோற்றது.

அக்டோபர் 9, 2017 அன்று கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக்கிண்ண இலக்கை (கோல்) அடித்தவர் மணிப்பூரைச் சேர்ந்த சீக்சன் சிங் ஆவார். அவர் தொடக்கத்தில் தெரிவான சிறுவர்களுள் ஒருவர் அல்லர். மினெர்வா அகாதமியிலிருந்து பிற்பாடே அணியில் சேர்க்கப்பட்டார். அதே அகாதமியிலிருந்து வந்த அன்வர் அலிக்கு 2019-இல் இதயக் கோளாறு கண்டறியப்பட்டு ஆட்டம் தடைபட்டது. தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்று, 2021-இல் மீண்டும் களம் இறங்கிய அவர், 2022-இல் இந்திய சீனியர் அணியிலும் இடம்பிடித்தார்.

அந்த 21 பேரில் சீக்சன் சிங், அன்வர் அலி, சுரேசு சிங் வாங்சம், லாலெங்மாவியா, ரகீம் அலி, அணித்தலைவராக இருந்த அமர்ஜித் சிங் ஆகியோர் பின்னர் சீனியர் அணிக்காக ஆடினர். 17 வயதில் செய்யப்பட்ட ஒரு தெரிவுக்கு இது நல்ல விளைவே எனலாம். ஆனால் 2016-இல் பிரேசில் இளையோர் அணிக்கு எதிராக இலக்கு அடித்து நாடெங்கும் பேசப்பட்ட கோமல் தட்டாலுக்குச் சீனியர் அணியில் நிலையான இடம் கிட்டவில்லை. பதினாறு வயதில் யார் மிகுதியாகப் பேசப்பட்டார் என்பதும், இருபத்தைந்து வயதில் யார் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை இது காட்டுகிறது.

கடலூர்: பட்டியல் இல்லாத தொடக்கம்

டிசம்பர் 26, 2004 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேவனாம்பட்டினம் முதலிய மீனவர் ஊர்களும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதிகளும் பெரும் பாதிப்புக்கு உள்ளாயின. இதற்குப் பிந்திய ஆண்டுகளில், பயிற்றுநர் மாரியப்பனின் முயற்சியால் கடலூரில் சிறுமிகளுக்கான காற்பந்துப் பயிற்சி வளர்ந்தது. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களையும் ஏழைக் குடும்பங்களையும் சேர்ந்த சிறுமிகளும், அரசுக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களும் இதில் பங்கேற்றனர். இம்முயற்சி இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதமி என்ற பெயரில் அறியப்படலாயிற்று. இதன் அணி 2017-18 பருவத்தில் இந்திய மகளிர் லீக் போட்டியின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளுள் ஒன்றாக இருந்தது.

இங்கு ஆடத் தொடங்கிய சிறுமிகளை எவரும் தரம் பிரித்து வரிசைப்படுத்தவில்லை. நாள்தோறும் பயிற்சிக்கு வருவதே தகுதியாக இருந்தது. இவ்வூர் வீராங்கனைகளுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள்.

இந்துமதி கதிரேசன் 1994-இல் பிறந்தவர், நடுக்கள ஆட்டக்காரர். 2019-இல் நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசிய மகளிர் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியேற்ற அவர், 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது சென்னையில் காவல் பணியில் ஈடுபட்டார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் மனௌசு நகரில் பிரேசில் அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்திலும் பங்கேற்றார்.

சந்தியா ரங்கநாதன் 1996-இல் பிறந்தவர், முன்கள ஆட்டக்காரர். கடலூர் அரசு இல்லத்தில் வளர்ந்து காற்பந்துக்கு வந்தவர். இவ்விருவரும் 2018-19-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்ற மதுரை சேது அணிக்கு ஆடினர். 2022 சனவரியில் இந்தியாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான 23 பேர் கொண்ட இந்திய அணியிலும் இருவரும் இடம்பெற்றனர்.

பிப்ரவரி 2018-இல் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் மகளிர் காற்பந்துப் போட்டியில், பலமுறை பட்டம் வென்றிருந்த மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாக வாகை சூடியது. சூன் 2023-இல் அமிர்தசரசில் அரியானாவை 2-1 என வென்று இரண்டாம் முறை பட்டம் பெற்றது. இவ்வெழுச்சியில் கடலூரின் பங்கு பெரிது.

தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள வரிசைகள்

தமிழ்நாட்டில் ஒரு மாணவர் மூன்று இடங்களில் இத்தகைய வரிசைகளைச் சந்திக்கிறார். முதலாவது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தெரிவு. இது பெரும்பாலும் கோடை விடுமுறையில், ஓரிரு நாட்களில் நடந்து முடிகிறது. இரண்டாவது, கல்லூரிச் சேர்க்கையின் விளையாட்டு ஒதுக்கீடு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பெற்ற சான்றிதழ்களின் நிலையைப் பொறுத்து வரிசை அமைகிறது. மூன்றாவது, அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு.

இவற்றுள் முதலாவது வருங்காலத்தைக் கணிக்கும் வரிசை. மற்ற இரண்டும் கடந்தகாலச் சாதனைக்கான பரிசுகள். சான்றிதழைக் கொண்டு இடம் பெற்ற மாணவர், சேர்ந்த பின்பு தொடர்ந்து ஆடினாரா என்பதைச் சேர்க்கை வரிசை கேட்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகமோ தரவரிசை பார்த்துச் சேர்த்த மாணவரை அடுத்த நான்கு ஆண்டுகள் நாள்தோறும் ஆடவைக்கிறது. அங்குள்ள கணிப்புகள் பலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். நல்ல பயிற்றுநர், உணவு, களத்தில் ஆடும் வாய்ப்பு ஆகியன முன்னிடம் பெற்றவருக்கே முதலில் கிடைக்கின்றன. ஆகவே கணிப்பு ஓரளவு தன்னைத்தானே மெய்ப்பித்துக் கொள்கிறது.

கடலூர்ப் பகுதியில் கல்வியின் பங்கும் கருதத்தக்கது. 1929-இல் நிறுவப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை உள்ளது. மாவட்டத்திலுள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. பின்னர் அவை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. தேசிய அணியை எட்டாத வீராங்கனை ஒருவர் உடற்கல்வி ஆசிரியராகித் தம் ஊர்ப் பள்ளியில் பத்துச் சிறுமிகளை ஆடவைத்தால், எந்தத் தரவரிசையிலும் அது பதிவாவதில்லை. ஆயினும் அடுத்த தலைமுறைக்கான ஆட்டம் அங்கிருந்தே தொடங்குகிறது.

பிறந்த மாதத்தின் தாக்கம்

இளம் வயது வரிசைகளில் அறியப்பட்ட ஒரு பிழை, பிறந்த மாதம் சார்ந்தது. கனடாவின் பனி வளைதடியாட்டத்தில், வயதுப் பிரிவுக்கான எல்லை நாளான சனவரி 1-ஐ ஒட்டிப் பிறந்த சிறுவர்களே மிகுதியாகத் தெரிவாகின்றனர் என்பதை ரோசர் பார்ன்சுலி முதலியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரே பிரிவில் சனவரியில் பிறந்தவர் திசம்பரில் பிறந்தவரைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர். பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வலிவிலும் பெரிய வேறுபாடு. தெரிவாளர் அதனைத் திறமை எனக் கருதிவிடுகிறார். இருபது வயதில் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ஆனால் அதற்குள் ஒருவருக்கு எட்டு ஆண்டுப் பயிற்சி கிடைத்திருக்கும், மற்றவர் ஆட்டத்தை விட்டே போயிருப்பார்.

மதிப்பீடு

இளம் வயதுத் தரவரிசை பயனற்றது என்று கூறுவதற்கில்லை. ஒரு கூட்டத்தில் யாருக்கு வாய்ப்பு மிகுதி என்பதை அது பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. ஒரு தனி மாணவர் என்ன ஆவார் என்பதை அது சொல்வதில்லை. பட்டியலுக்கு வெளியே இருப்பவரை விலக்குவதற்கான சான்றாக அதனைப் பயன்படுத்தும்போதே தீங்கு விளைகிறது.

கடலூர் எடுத்துக்காட்டையும் அளவறிந்தே கொள்ள வேண்டும். இந்துமதி, சந்தியா ஆகியோரின் பெயர்களை நாம் அறிவது அவர்கள் வென்றதனால்தான். அவர்களோடு அதே களத்தில் ஓடி, திருமணம், வறுமை, காயம் போன்ற காரணங்களால் நின்றுபோனவர்களைப் பற்றிக் கலைக்களஞ்சியங்கள் கட்டுரை எழுதுவதில்லை. எனவே 'வரிசை தேவையில்லை, உழைப்பே போதும்' என்ற முடிவுக்கு இது சான்றாகாது. இவ்வெடுத்துக்காட்டு உறுதிப்படுத்துவது வேறொன்று: வாயில் அகலமாகவும், பயிற்சி பல ஆண்டுகள் தொடர்வதாகவும், ஆட்டத்தின் முடிவில் ஒரு வேலை இருப்பதாகவும் அமைந்தால், எவரும் கணிக்காத இடத்திலிருந்தும் தேசிய வீராங்கனைகள் தோன்றுவர். காவல்துறைப் பணி இல்லையெனில் இந்துமதி போன்ற ஒருவர் இருபத்தேழு வயதிலும் ஆடிக்கொண்டிருப்பது எளிதன்று.

ஒரு விளையாட்டு விடுதியின் அல்லது கல்லூரியின் தெரிவு முறை சரியானதா என்பதை அறிய, தெரிவான ஆண்டில் அந்த அணி வென்ற கோப்பைகள் போதா. தெரிவானவர்களும், மயிரிழையில் விடுபட்டவர்களும் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து ஆட்டத்திலும் கல்வியிலும் பணியிலும் எங்கு உள்ளனர் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விடுபட்டவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் மட்டுமே ஒரு தரவரிசையின் உண்மையான மதிப்பு புலப்படும்.