எண்ம வானொலியும் ஏழையின் செவியும்

அறிவியல் வளர்ச்சியைத் தமிழன் என்றும் வெறுத்தவனல்லன். 1924-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1938 சூன் 16-இல் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் எழுந்தன. இந்தியாவின் முதற் பண்பலை ஒலிபரப்பும் 1977 சூலை 23-இல் சென்னையில்தான் பிறந்தது. ஆகவே, புதுமை என்பதனாலேயே எண்ம வானொலியை யாம் மறுக்கின்றோம் என எவரும் கருதற்க. அப்புதுமையால் பேறு யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதே நம் வினா.

பழைய ஒப்புமை முறையில், பேசுவோன் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே அலையின் ஏற்ற இறக்கமாகிறது. அலை மெலிந்தால் ஒலியும் மெலியும், இரைச்சல் கலக்கும், ஆயினும் செய்தி செவியை எட்டும். எண்ம முறையிலோ, குரலை நுண்கூறுகளாக அளந்து, எண்களாக்கி, செவி உணராதெனக் கருதும் பகுதிகளைக் களைந்து, சுருக்கி அனுப்புகின்றனர். அலை வலிவாக உள்ளவரை ஒலி தெளிவாயிருக்கும்; ஒரு வரம்பிற்குக் கீழே சென்றதும் முற்றாக அறுந்துவிடும். எண்களை மீண்டும் குரலாக்க நேரம் கழிவதால், நேரங்காட்டும் ஒலியும் பிந்தியே வரும்.

மேன்மைகளும் உள. குறைந்த மின்னாற்றல் போதும். ஓரலைவரிசையில் பல நிகழ்ச்சிகளை அனுப்பலாம். ஆனால், மிச்சம் ஒலிபரப்புவோனுக்கு, செலவோ கேட்போனுக்கு! பழைய பெட்டியில் எண்ம ஒலி கேளாது. புதுப்பெட்டி விலை மிக்கது. மின்கலத்தையும் விரைந்து தீர்ப்பது. டி.ஆர்.எம். என்னும் எண்ம முறையைச் சென்னை உள்ளிட்ட பல நடுவலை நிலையங்களில் நடுவணரசு நிறுவி ஆண்டுகள் பல ஆயின. அதனைக் கேட்கும் கருவி புதிய மகிழுந்துகளில் ஏறியதேயன்றி, உழவன் குடிலுக்கு வந்து சேரவில்லை.

2023 திசம்பரில் மிக்சாம் புயல் வந்தபொழுது, சென்னையிலும் அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயில் முதலிய மேற்குப் புறநகர்களிலும் வெள்ளம் சூழ்ந்தது. மின்னோட்டமும் கைப்பேசித் தொடர்பும் பலவிடங்களில் அற்றன. அத்தகைய நாளில் இரண்டு மின்கலங்களில் இயங்கும் எளிய பெட்டியன்றோ உற்ற துணை?

ஈழப்போர்க் காலத்தில் இலண்டன் பி.பி.சி. தமிழோசை, சிற்றலை வழியே எல்லைகளைக் கடந்து ஒலித்தது. 1941-இல் தொடங்கிய அவ்வொலிபரப்பு 2017 ஏப்பிரல் 30-ஆம் நாளோடு ஓய்ந்தது. அதே ஆண்டில் நார்வே நாடளாவிய பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி எண்மத்திற்கு மாறியது. செல்வ நாட்டின் வழி நம் குடிசைக்கு ஒவ்வுமா?

ஒலிபரப்பு இன்றும் ஒன்றிய அரசின் பட்டியலிலேயே உள்ளது. நாம் வழங்கும் ‘வானொலி’ என்னும் அழகிய சொல்லிருக்க, 2023 மே மாதத்தில் ‘ஆகாசவாணி’ என்றே கூறவேண்டுமெனத் தில்லி ஆணையிட்டதை மறந்தோமா? பெயரை நம்மைக் கேளாது மாற்றுவோர், அலையை நம்மைக் கேட்டா மாற்றுவர்?

2025 அக்தோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தனியார் வானொலிகள் பழைய முறையோடு எண்ம முறையையும் சேர்த்தே ஒலிபரப்பலாமெனப் பரிந்துரைத்தது. இணைந்து இயங்குதல் நன்று. ஒன்றை அழித்து மற்றொன்றை நாட்டுதல் தீது. எளியோர் வாங்கத்தக்க விலையில் எண்மப் பெட்டி ஊர்தோறும் கிடைக்கும் வரை, தமிழ்நாட்டு நடுவலை, பண்பலை ஒலிபரப்புகளில் ஒன்றையும் மூடலாகாது. இக்கோரிக்கையைத் தமிழ்நாட்டரசு தில்லியிடம் எழுத்தில் வைத்தல் வேண்டும். தமிழ்மன்றங்கள் தீர்மானம் இயற்றி அனுப்புக!

கடைக்கோடித் தமிழனின் செவிக்கு எட்டாத ஒலி, எத்துணைத் தெளிவாயினும் ஊமையே!