ஒழுகும் கூரைச் சாளரமும் ஒரு குவளை நீரும்

மழை பெய்த மறுநாள் காலையில் காரின் தரைவிரிப்பு நனைந்திருக்கக் கண்டால், நம்மவருள் பெரும்பாலோர் முதலில் தேடுவது சிலிக்கோன் பசைக் குழாயைத்தான். கூரைச் சாளரத்தின் (சன்ரூஃப் என்றால் எல்லாருக்கும் விளங்கும்) ஓரமெங்கும் அந்தப் பசையைப் பூசிவிட்டு, இனி ஒழுகாது என்று நிம்மதி அடைவார்கள். அடுத்த பெருமழையில் மீண்டும் ஒழுகும். மீண்டும் பசை. இதனைப் பழுதுபார்ப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது, சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

என் தம்பியிடம் 1990களில் வெளிவந்த, இரண்டு கதவுகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உள்ளது. அக்காலத்தில் இத்தகைய கார்களுக்குக் கூரைச் சாளரம் ஓர் அணிகலன் போன்றது. ஹோண்டா பிரேலூட் 1978-இல் முதன்முதலாக வெளிவந்தபோதே மின்விசையால் திறக்கும் கூரைச் சாளரத்தோடு வந்தது. 2001 வரை ஐந்து தலைமுறைகளைக் கண்ட அந்தப் பெயர், 2025-இல் மீண்டும் புத்துயிர் பெற்றது. பழையனவற்றுள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் இருபது வயதைத் தாண்டியவை. அவற்றை வைத்திருப்போர் யாவரும் செல்வந்தர் என்று எண்ண வேண்டா. பள்ளிப் பருவத்தில் சுவரொட்டியாக ஒட்டி வைத்து ஆசைப்பட்டு, நாற்பது வயதில் கடன் அடைத்த பிறகு வாங்கியவர்களே மிகுதி. ஆகவே, இரண்டாயிரம் ரிங்கிட் செலவு என்றால் அவர்களுக்கு அது பெரிய தொகைதான்.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. கூரைச் சாளரம் நீரே புகாதபடி செய்யப்பட்டதன்று. கண்ணாடியைச் சுற்றியுள்ள இரப்பர் பெரும்பகுதி நீரைத் தடுக்கும். எஞ்சிய நீர் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் அதனை வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே, நான்கு பக்கமும் வாய்க்கால் போன்ற ஒரு சட்டம் இருக்கிறது. இறங்கிய நீர் அதில் சேரும். பெரும்பாலான கார்களில் அந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் சுண்டுவிரலினும் மெல்லிய குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். முன்னிரண்டு குழாய்களும் முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்களுக்குள் இறங்கி, கதவுக் கீல் அருகிலோ முன்சக்கரத்தின் பின்புறமோ நீரை வெளியேற்றும். பின்னிரண்டும் பின்தூண்களின் வழியாகப் பின்சக்கரப் பக்கம் இறங்கும். நம் வீட்டுக் கூரையின் ஓரத்தில் பீலி கட்டி நீரைக் கீழே இறக்குகிறோமே, அதே ஏற்பாடுதான். காரில் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிறது, அவ்வளவே.

குழாய் அடைத்துக்கொண்டால் சட்டத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் விளிம்பைத் தாண்டி, கூரையின் உள்துணியில் ஊறி, தூணின் உட்புறமாக வழிந்து, கால் வைக்கும் இடத்தில் வந்து நிற்கும். ஈரம் தெரியும் இடம் வேறு, பழுது இருக்கும் இடம் வேறு. மேலே பசை பூசுகிறவர், கலிங்கு அடைத்துக்கிடக்கும் ஏரிக்குக் கரையை மட்டும் உயர்த்துகிறவர். பசை காய்ந்து வெடிக்கும்போது நீர் பழையபடி இறங்கும். அதற்குள் சாளரம் திறக்காமல் ஒட்டிக்கொண்டு, அதன் மின்மோட்டாரும் பழுதாகக்கூடும். தரைவிரிப்புக்கு அடியிலுள்ள பஞ்சு நீரைக் குடித்துவிட்டால் எளிதில் உலராது. பூஞ்சை பிடிக்கும், தரைத்தகடு துருப்பிடிக்கும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றவே கூடாது. பழைய கார்கள் பலவற்றில் உருகிப் பெட்டியும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கால் வைக்கும் இடத்தை ஒட்டியே இருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

தம்பியின் காரில் அடைப்பு எப்படி வந்தது? அவன் அலுவலகத்தின் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் காரை நிறுத்துவான். நிழல் அருமையானது, ஆனால் அந்த மரத்தின் சிற்றிலைகளும் இளஞ்சிவப்புப் பூவின் நார்களும் எந்த இடுக்கிலும் புகுந்துவிடும். தூசியோடு கலந்து, ஈரத்தில் ஊறி, கறுப்புக் களிம்பாகிவிடுகின்றன. (என் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்திலும் இதே மரந்தான். நல்லவேளையாக என் காரில் கூரைச் சாளரம் இல்லை.)

முதலில் சென்ற பட்டறையில் பசை பூசி அனுப்பினார்கள். இரண்டாவது பட்டறையில், இரப்பரையும் சட்டத்தையும் முழுமையாக மாற்ற வேண்டும், ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் காரிலிருந்து எடுத்துத் தருகிறோம், 1,800 ரிங்கிட் ஆகும் என்றார்கள். இரு இடங்களிலும் ஒருவர்கூட ஒரு துளி நீரை ஊற்றிப் பார்க்கவில்லை! இதுதான் என் வருத்தம். விலை கூடுதலா குறைவா என்பது அப்புறம்.

மூன்றாவது இடம் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட சிறிய பட்டறை. அங்கிருந்த இளம் ஃபோர்மன், பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன். காரைத் தொடுவதற்கு முன்பே தம்பியிடம் அவன் கேட்ட முதல் கேள்வி இது: “மழை பெய்யாத நாள்லயும் ஈரமா இருக்கா, அண்ணே?” மழையே இல்லாதபோதும் நனைந்தால் குளிர்சாதனத்தின் வடிகுழாயைத்தான் ஐயுற வேண்டும். இல்லை என்றதும் அடுத்த கேள்வி: “பிரேக் போட்டா மேல இருந்து தண்ணி கொட்டுதா?” ஆம், மழை விட்ட பிறகும் பிரேக்கை மிதித்தால் உள்விளக்கின் ஓரத்திலிருந்து நீர் சிந்தும் என்றான் தம்பி. அப்படியானால் மேலே நீர் தேங்கி நிற்கிறது என்று பொருள்.

பிறகு சாளரத்தைத் திறந்து, சட்டத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு குவளை நீரை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சமாக ஊற்றினான். முன் வலப்பக்கம் ஊற்றிய நீர் உடனே காருக்குக் கீழே சொட்டியது. பின்னிரண்டு மூலைகளிலும் மெதுவாக இறங்கியது. முன் இடப்பக்கம் இறங்கவே இல்லை. நனைந்திருந்ததும் இடப்பக்கத் தரைவிரிப்புதான். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையை முனை மழுக்கி, மேலிருந்து மெல்லச் செலுத்தினான். கதவுக் கீல் அருகிலிருந்து கறுப்புக் களிம்பு வழிந்தது; பின்னர்த் தெளிந்த நீர். கூலி 60 ரிங்கிட். தரைவிரிப்பைத் தூக்கி உலர்த்தத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

தாமே செய்து பார்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. காற்றழுத்தக் குழாயால் வேகமாக ஊதக் கூடாது. பழைய குழாய் இறுகி இருக்கும். வேகத்தில் மேல்மூலை இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால், பிறகு கூரையின் உள்துணியையே இறக்கித்தான் மாட்ட வேண்டும். கூரிய கம்பியும் ஆகாது, குழாயைக் கிழித்துவிடும். இரப்பருக்குப் பெட்ரோலிய மசகு தடவாதீர்கள், அஃது இரப்பரை உப்பச் செய்யும். சிலிக்கோன் மசகே பொருத்தம். இரப்பர் தட்டையாகிக் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. சட்டமே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் அது பெரிய வேலை. என் வாதமெல்லாம் வரிசையைப் பற்றியது. முதலில் நீரை ஊற்றிப் பாருங்கள். பிறகு பணத்தைக் கொடுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, அந்த இளைஞன் செய்தது என்ன? உற்றறிந்தான், ஊகித்தான், ஒரே அளவு நீரை நான்கு மூலைகளிலும் ஊற்றி ஒப்பிட்டான். நாம் அறிவியல் வகுப்பில் கற்பிக்கும் செயற்பாங்குத் திறன்கள் இவையே. மாறி என்றால் என்ன என்று கேட்டால் நம் மாணவர்கள் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். நனைந்த காரின் முன் நிறுத்தினால் பசையைத்தான் தேடுவார்கள். நான் இதனை வகுப்பிலேயே செய்து பார்த்தேன். ஐஸ்கிரீம் டப்பாவின் நான்கு மூலைகளில் உறிஞ்சுகுழல்களைப் பொருத்தி, ஒன்றில் மட்டும் ஊறிய இலைத்தூளை அடைத்து, நீர் ஊற்றினேன். ‘மூடியை நன்றாக மூடிவிடலாம், டீச்சர்’ என்பதுதான் பெரும்பாலோர் சொன்ன தீர்வு. நீர் எந்தக் குழலில் வரவில்லை என்று குனிந்து பார்த்தவள் ஒருத்தி மட்டுமே. அவள் தேர்வில் கடைசி வரிசையில் இருப்பவள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ‘படிக்காவிட்டால் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்பாய்’ என்று பிள்ளைகளை மிரட்டுவதை நான் வாரந்தோறும் கேட்கிறேன். அந்த இளைஞனின் தாயார்கூட, திருமண வீடுகளில் மகன் ‘வாகனத் துறையில்’ இருப்பதாகத்தான் சொல்வார். பட்டறை வாழ்க்கை இனிமையானது என்று நான் சொல்ல வரவில்லை. ஊழியர் சேமநிதி கட்டாத சிறு முதலாளிகள் இருக்கிறார்கள். பத்தாண்டு வேலை செய்தும் கையில் ஒரு தாளும் இல்லாத இளைஞர்கள் இருக்கிறார்கள். அதற்காகத் தொழிலை இழித்துரைப்பானேன்? மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் வழங்கப்படுகிறது; அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும் உண்டு. கல்லூரிக்குச் செல்லாமல் பட்டறையிலேயே கற்றவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு அச்சான்றிதழ் வழங்கும் வழியும் இருக்கிறது. இதனை எத்தனை பெற்றோர் விசாரித்திருக்கிறோம்?

என் மாணவனிடம் அந்தச் சான்றிதழ் இன்னும் இல்லை. விண்ணப்ப விவரங்களை அச்சிட்டு வைத்திருக்கிறேன். தம்பியின் காரில் பின்பக்கக் குழாய்கள் இரண்டிலும் நீர் இன்னும் மெதுவாகத்தான் இறங்குகிறதாம். ஆண்டிறுதி மழைக்கு முன் பட்டறைக்குச் செல்லும்போது அவனிடமே கொடுத்தனுப்ப வேண்டும்.