பாற்பல்லுக்குக் கிரீடம்

"விழப்போகிற பல்தானே! அதற்கு வைத்தியம் எதற்கு?" என்று கேளாத பாட்டிமார்களைக் காண்பது அரிது. பாட்டிமார்களை மட்டும் குறை கூறுவானேன்? பணத்தை எடுத்து வைக்க வேண்டிய தகப்பனார்களும் அந்தக் கட்சிதான். ஆனால் எந்தப் பல் எப்போது விழும் என்று அவர்கள் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

பாற்பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் ஆடத் தொடங்குவதைக் கண்டு, எல்லாப் பற்களுக்கும் ஆயுள் அவ்வளவே என்று எண்ணிவிடுகிறோம். கடைவாய்ப் பாற்பற்களோ 10, 12 வயது வரையில் இருந்து உழைக்க வேண்டியவை. 4 வயதுக் குழந்தைக்கு அவற்றில் ஒன்று சொத்தையானால், அந்தப் பல்லோடு இன்னும் 6, 7 வருஷம் அது காலந்தள்ளியாக வேண்டும். சீழ் கட்டிவிட்டால் குழந்தைக்கும் உறக்கமில்லை, வீட்டாருக்கும் உறக்கமில்லை. தொல்லை தீர்ந்தது என்று பிடுங்கிவிட்டாலோ, 6 வயதில் பின்புறம் முளைக்கும் நிலையான கடைவாய்ப்பல் முன்னுக்கு நகர்ந்து, பிறகு வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பல் வரிசை கோணலாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தகைய பல்லைக் காக்க வந்ததுதான் 'கேப்' என்று நாம் சொல்லும் பல் உறை. துருப்பிடிக்காத எஃகினாலான உறையைக் குழந்தைகளின் பல்லுக்கு மாட்டும் முறையை அமெரிக்கப் பல் வைத்தியர் ஹம்ப்ரி 1950-ல் விவரித்து எழுதினார். ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் ராவி, அதன்பின் உறையை மாட்டுவது வழக்கமாயிற்று. ராவும் யந்திரத்தின் ஓசையைக் கேட்டதும் குழந்தை வாயை மூடிக்கொண்டால் வைத்தியர் என்ன செய்வார், பாவம்!

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பெண் பல் வைத்தியர் ஊசியையும் ராவுதலையும் ஒருங்கே கைவிட்டார். சொத்தையைச் சுரண்டாமலே, அளவான உறையில் பல் சிமெண்டை நிரப்பிப் பல்லின்மேல் அழுத்தினார். குழந்தையையே கடிக்கச் சொன்னார். அவ்வளவுதான் வேலை! சொத்தையை உள்ளே வைத்து மூடுவதாவது என்று பல வைத்தியர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். விஷயம் என்னவென்றால், சொத்தைக் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையைக் கொண்டே அமிலத்தை உண்டாக்குகின்றன. உறை இறுக மூடிவிட்டால் அவற்றுக்கு ஆகாரம் நின்றுபோகிறது. சொத்தையும் மேலே பரவுவதில்லை.

அந்நாட்டின் டேசைட் பிரதேசத்தில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 132 குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு பல்லுக்கு இம்முறையில் உறை, மற்றொன்றுக்கு வழக்கமான வைத்தியம். 5 வருஷங்களுக்குப் பிறகு சீழ், தீராத வலி போன்ற பெருந்தொல்லைகள் வழக்கமான வைத்தியம் பெற்ற பற்களில் நூற்றுக்கு 16.5, உறையிட்டவற்றில் 3. இம்முடிவு 2011-ல் வெளியாயிற்று.

ஆயினும் எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. இரவில் தானே வலியெடுக்கும் பல்லையும் ஈறில் கொப்புளம் கண்ட பல்லையும் இப்படி மூடுவது தவறு. அவற்றுக்கு வேறு சிகிச்சை உண்டு. உறை போட்டபின் சில நாள் பல் உயர்ந்தாற்போலத் தோன்றும்; சில வாரங்களில் கடி தானே சரியாகிவிடும். வெள்ளி நிறம் பிடிக்காத தாய்மாருக்குப் பல் நிறத்திலேயே உறைகள் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பல்லை அதிகம் ராவ வேண்டும், செலவும் கூடுதல். குழந்தைகளோ வெள்ளிப் பல்லைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகக் காட்டித் திரிவதையே பார்க்கிறோம்.

உறையைப் பின்னால் கழற்ற வேண்டுமோ என்று கவலை வேண்டாம். காலம் வந்ததும் பல்லும் உறையும் ஒன்றாகவே விழும். விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் வழக்கமுள்ள வீடுகளில் சற்று அதிகமாகச் சத்தம் கேட்கலாம்!