ஸ்கேன் என்ன தராசா?

"குழந்தை பெரிசு. ஸ்கேனில் 4 கிலோ காட்டுகிறது. ஆபரேஷன்தான் வழி" என்று டாக்டர் சொல்லிவிட்டால், மரக்காணம் உப்பளத்துப் பெண் என்ன செய்வாள்? பயந்துபோய் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவாள். நாம் கேட்கிறோம்: அந்த 4 கிலோ எங்கிருந்து வந்தது?

ஸ்கேன் தராசு அல்ல. குழந்தையின் தலை, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தின்படி எடையை ஊகிக்கும் இயந்திரம் அது. 10 முதல் 15 சதம் பிசகுவது சகஜம். 4 கிலோ என்றால் 3.4 ஆகவும் இருக்கலாம், 4.6 ஆகவும் இருக்கலாம். உப்பை இப்படி நிறுத்துக் கொடுத்தால் எந்த வியாபாரி ஒப்புவான்?

அமெரிக்க மகப்பேறு டாக்டர்களின் சங்கம் சொல்வதென்ன? எடையை மட்டும் வைத்து ஆபரேஷனை யோசிப்பதானால், மதிப்பீடு 5 கிலோவாவது இருக்க வேண்டும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் 4.5 கிலோ. 4 கிலோவுக்கே கத்தியை எடுப்பது எந்தச் சாஸ்திரம்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் 100 பிரசவத்துக்கு 36 ஆபரேஷன். தனியாரில் சுமார் 64! தனியார் வாசலை மிதித்ததும் குழந்தை பருத்துவிடுகிறதா? பருப்பது பில்தான்!

"தாயின் நன்மைக்காகத்தானே?" என்பார்கள். பிரசவம் நடுவில் நின்றுபோனால், நஞ்சு வழியை மறித்தால், குழந்தையின் நாடித்துடிப்பு தளர்ந்தால், ஆபரேஷன் உயிர் காக்கும். அதை நாம் எதிர்க்கவில்லை; தாமதமின்றிச் செய்யவேண்டும் என்கிறோம். ஆனால் தேவையில்லாத வெட்டின் விலையை யார் கொடுப்பது? ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பாத்தியில் உப்பு வாரிச் சுமக்கும் பெண்ணுக்கும், நாற்று நடும் பெண்ணுக்கும் வேலையில்லாத நாள் கூலியில்லாத நாள். வயிற்றுத் தழும்பு அடுத்த பிரசவத்துக்கும் ஆபத்தைக் கொண்டுவருகிறது.

தோழர்களே! ஆபரேஷன் என்றால் காரணத்தைக் கேளுங்கள். சர்க்கரை உண்டா, ஸ்கேன் கணக்கு எவ்வளவு பிசகலாம், வலி வரும்வரை பொறுக்கலாமா என்று கேளுங்கள். அவகாசம் இருந்தால் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் பெறுங்கள்.

சர்க்காரிடம் நாம் கோருவது: ஆஸ்பத்திரிவாரியாக ஆபரேஷன் கணக்கையும் காரணத்தையும் பகிரங்கமாக வெளியிடு! உப்பளப் பெண்ணுக்கும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் பேறுகாலக் கூலி கொடு!

உழைக்கும் பெண்ணின் உடல் லாபச் சரக்கல்ல!