துண்டு அட்டையின் இலக்கணம்

‘துண்டை மீண்டும் பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்.’ நட்சத்திர விடுதிகள் பலவற்றின் குளியலறையில் இப்படியோர் அட்டை இருக்கிறது. இரண்டும் ஏவல் வினைகள். இரண்டுக்கும் எழுவாய் தங்க வந்தவரே. விடுதி அவ்வாக்கியங்களில் இல்லவே இல்லை. கடமை விருந்தினருக்கு, சலவைச் செலவின் மிச்சம் விடுதிக்கு. ‘கிரீன்வாஷ்’ என்ற சொல்லே, 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் இத்தகைய அட்டைகளைச் சாடி எழுதிய கட்டுரையில் பிறந்தது என்பது தற்செயலன்று.

துண்டை மறுமுறை பயன்படுத்துவது நல்லதே. நீரும் மின்சாரமும் மிஞ்சும். ஆயின் அதே அறையில் நெகிழிக் குடிநீர் பாட்டில்களும் விரல் நீள ஷாம்பு குப்பிகளும் கேளாமலே நாள்தோறும் வந்து அமர்கின்றன. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நெகிழித் தடை இவற்றைத் தொடவில்லை. இவற்றை நிறுத்த விருந்தினரின் மனசாட்சி வேண்டா. சுவரில் நிரப்புகலனும் மேசையில் கண்ணாடிக் குடுவையும் வைக்கும் நிர்வாக முடிவு போதும்.

அட்டையில் இடம்பெறாத இன்னொருவர், அறையைத் துப்புரவு செய்பவர். மாட்டிவைத்த துண்டையும் மாற்றியாக வேண்டும் என்று மேற்பார்வையாளர் பணித்தால், விருந்தினரின் அறம் சலவைக்கூடத்தில் கரைந்துபோகும்.

அக்கறை மெய்யெனில், விடுதி எழுவாயை மாற்றட்டும். ஓர் அறைக்கு ஓர் இரவில் எத்தனை லிட்டர் நீர் செலவழித்தோம் என்று அதே அட்டையில் எழுதட்டும். அங்கே ‘நாம்’ என்று விருந்தினரையும் சேர்த்துக்கொள்ள வேண்டா. ‘நாங்கள்’ என்றே தொடங்கட்டும்.