நாத்திகர் இறவாமையை விரும்புவரோ?

சில திங்கட்கு முன்னர்த் திருக்கோயில் மண்டபம் ஒன்றில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவைக் கேட்டிருந்தேம். பேசியவர் நாவன்மை வாய்ந்தவர். நாத்திகரைக் கண்டிக்கப் புகுந்த அவர், "மறுமை இல்லையென்று வாயாற் கூறும் ஒவ்வொருவனும் நெஞ்சினுள்ளே இறவாதிருக்கவே விரும்புகின்றான். அவ்விருப்பமே மறுமை உண்டென்பதற்குச் சான்று. அதனை ஒப்புக்கொள்ள நாணியே அவன் நாத்திகம் பேசுகின்றான்" என்று முழங்கினார். அவையோர் கைகொட்டி மகிழ்ந்தனர்.

எம் அருகிருந்தவன் முன்னாளில் எம்பாற் பாடங்கேட்ட மாணாக்கன், சமயப்பற்று இல்லாதவன், எம்மாட்டுள்ள அன்பு காரணமாக வந்தவன். அவன் அன்னை நெடுநாள் நோயுற்று வருந்தி அவ்வாண்டிலேயே இறந்திருந்தாள். வெளியே வந்தபின் அவன், "ஐயா, அம்மா பட்ட துன்பம் அந்த உடம்போடு முடிந்தது என்பதே எனக்கு ஆறுதல். அம்மா மறுபடியும் ஓர் உடம்பெடுத்து இன்னொருமுறை வருந்தவேண்டும் என்று நான் விரும்பவில்லை. விரும்புகின்றேன் என்று அந்தப் பேச்சாளர் எப்படிச் சொல்லலாம்?" என்றான். நாத்திகனை நோக்கி எய்த அம்பு நம் சித்தாந்தத்தின் மார்பிலேயே தைத்தமை அப்பொழுது கண்டேம். அவன் வினாவிற்கு விடையாகவே இக்கட்டுரை எழுதலாயிற்று.

சொற்பொழிவாளர் கூற்று இரண்டு பகுதியுடைத்து. நாத்திகர் யாவரும் இறவாமையை விரும்புவர் என்பது ஒன்று. விரும்பப்படுதலின் அஃது உளதாம் என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தாமை காட்டுதும்.

முதற்கண், நாத்திகர் எனப்படுவார் யாவர்? கடவுளை மறுப்பாரும் மறுமையை மறுப்பாரும் ஒருவரே என மயங்குதல் நம்மவரிடைப் பெருவழக்காயிற்று. சிவஞானசித்தியார் பரபக்கத்துள் அருணந்தி சிவாசாரியர் எடுத்து மறுத்த மதத்தினர் பதினால்வர். அவருள் மறுமையை அறவே மறுப்பான் உலோகாயதன் ஒருவனே. நிரீச்சுர சாங்கியன் இறைவனை ஏலான், பிறவித்தொடர்ச்சியை ஏற்பான். ஆருகதரும் புத்தரும் அவ்வாறே உலகிற்கு முதல்வன் ஒருவனை வேண்டாது மறுபிறப்பினை உடன்படுவர். மேனாட்டிலும் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துத் தத்துவ ஆசிரியராயிருந்த மக்டாகர்ட் (1866-1925) என்பார் கடவுளை மறுத்தும், உயிர் அழிவில்லது, பல பிறவி எடுப்பது என்று நூலெழுதினார். ஆகலின் "நாத்திகர் யாவரும்" என்று தொடங்கும் கூற்று எதுவாயினும் முதலடியிலேயே இடறும்.

இனி, மறுமையை அறவே மறுப்பாரேனும் உள்ளத்தில் அதனை விழைகின்றனரோ எனின், சிலர் விழைகின்றனர், சிலர் விழைகின்றிலர் என்பதே உண்மை. ஸ்காத்லாந்து தேயத்து எடின்பரோ நகரில் டேவிட் ஹியூம் என்னும் தத்துவநூலார் 1776-ஆம் ஆண்டில் இறக்குந் தறுவாயிற் கிடந்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் ஜேம்ஸ் பாஸ்வெல் என்பார் அவரைக் காணச் சென்றார். சாவின் வாயிலிலேனும் இவர் மறுமையை நாடுவரோ என்று அறிதலே சென்றவர் கருத்து. முற்றும் இல்லாதொழிதல் என்னும் எண்ணம் நும்மை வருத்தவில்லையோ என்று அவர் வினவ, பிறத்தற்குமுன் இல்லாதிருந்தமை வருத்தாதவாறு போல இதுவும் வருத்தாது என்னுங் கருத்துப்பட ஹியூம் விடையிறுத்தார். அவ்விடையால் உளங்கலங்கியவர் கேட்டவரேயன்றிச் சொன்னவரல்லர். அடுத்த திங்கள் 25-ஆம் நாள் ஹியூம் உயிர்நீத்தார். இறுதிவரை அவர் மனவமைதி குன்றாதிருந்தமையை அவர்தம் நண்பர் ஆடம் ஸ்மித் எழுதிவைத்துள்ளார்.

இத்தகையோர் அகத்தொன்றும் புறத்தொன்றுமாகப் பேசினர் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று யாது? பிறர் நெஞ்சத்தை அவரினும் யாம் நன்கறிவேம் என்றல் வாதமுறையன்று, வசைமொழியேயாம். ஹியூமின்பால் யாம் மறுக்கற்பாலது அவர்தம் அஞ்சாமையன்று. பிறத்தற்குமுன் தாம் இல்லை என்று அவர் துணிந்தாரன்றே, அத்துணிபே நம் மறுப்பிற்கு உரியது. உயிர் அநாதி என்பது நம் கொள்கையாகலின், வழக்கு ஆண்டே தொடங்குகின்றது. அதனை விடுத்து அவர் அச்சத்தைத் தேடி அலைதல் வீண்செயல்.

இரண்டாவது பகுதியை நோக்குவாம். விருப்பம் என்பது அளவை ஆமோ? காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் விருப்பம் எதன்பாற்படும்? பசியுண்மையான் உணவுண்மை பெறப்படுமன்றோ எனின், அற்றன்று. உணவு காட்சியான் முன்னரே அறியப்பட்ட பொருள். பசித்தார் எல்லார்க்கும் அது கிடைத்தலும் ஒருதலையன்று. பேய்த்தேரை நோக்கி ஓடும் மானின் நீர்வேட்கையும் வேட்கையே. ஆயினும் ஆண்டு நீரில்லை. அன்றியும், விரும்புதல் உண்மைக்குச் சான்றாமெனின், விரும்பாமை இன்மைக்குச் சான்றாதல் வேண்டும். அவ்வழி ஹியூம் ஒருவரே மறுமையை இல்லையாக்கி விடுவார்! நாத்திகரோ, "நீவிர் விரும்புவதனாலேயே நம்புகின்றீர்" என்று நம்மை நகுவர். அந்நகைக்கு வேண்டும் படைக்கலத்தை நாமே தீட்டிக் கொடுத்தவராவேம். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மையை ஏதுக்கள் பலவற்றால் நிறுவியருளினார். அவற்றுள் விருப்பம் என்னும் ஏது ஒன்றேனும் இல்லை.

இறவாமையை விழைந்த நாத்திகரையும் ஒருசிறிது காண்பாம். இருசிய தேயத்து அலெக்சாந்தர் பொக்தானவ் என்பார் மருத்துவர், பொதுவுடைமைப் புரட்சியாளர், கடவுளை மறுத்தவர். குருதியை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளுதலால் முதுமை நீங்கி ஆயுள் பெருகும் என்று துணிந்து, 1926-இல் மாஸ்கோ நகரிற் குருதியேற்றக் கழகம் ஒன்றை நிறுவினார். நோயுற்ற மாணவன் ஒருவனோடு குருதி மாற்றிக்கொண்டு 1928-இல் அவரே மாண்டார், மாணவன் பிழைத்தான். அமெரிக்க நாட்டிலோ, இறந்த உடம்பைக் கடுங்குளிரிற் காத்துவைத்தால் பிற்கால மருத்துவம் எழுப்பும் என்று இராபர்ட் எட்டிங்கர் என்பார் 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1967-இல் ஜேம்ஸ் பெட்போர்டு என்பாரின் உடல் அவ்வாறு முதன்முதல் வைக்கப்பட்டது. 2011-இல் எட்டிங்கர் உடலும் அந்நிலை எய்தியது. இன்றளவும் எழுந்தார் ஒருவருமிலர்.

இவற்றைக் கேட்டு நம்மவர் நகைத்தல் எளிது. ஆயினும் அறுபதாம் ஆண்டு நிறைவிலே திருக்கடவூர் சென்று காலகாலன் திருமுன் நின்று நாம் வேண்டுவது யாது? இன்னுஞ் சில்லாண்டு இவ்வுடம்போடிருத்தலையே பலரும் வேண்டுகின்றோம். அதனைப் பழித்தேமல்லேம், யாமும் வேண்டினேம். குளிர்ப்பேழையை நாடுவானும் ஆயுளோமம் செய்வானும் உடம்பைப் பற்றிநிற்கும் அளவில் ஒருதன்மையரே. இருவரையும் இயக்குவது அராக தத்துவம். அப்பற்றினையே ஆத்திகம் என்றும், அஃதின்மையை நாத்திகம் என்றும் பெயரிடுதல்தான் பிழை. அமரர் எனப்படும் தேவர்க்கும் ஆயுளெல்லை உண்டு என்பதும், நல்வினைப்பயன் தீர்ந்தவழித் துறக்கத்தினின்றும் மீண்டு பிறத்தல் வேண்டும் என்பதும் நம் நூற்றுணிபு. உடம்போடு கூடிய இறவாமையை நம் ஆசாரியர் ஒருவர்க்கும் உறுதியளித்திலர். நோயை நீட்டித்துத் தருதல் மருத்துவன் தொழிலாமோ?

ஈண்டு நாத்திகர்பாலிருந்து வலியுடையதொரு தடை எழும். செக் நாட்டுக் காரெல் சாப்பெக் என்னும் நாடகாசிரியரின் நாடகமொன்று 1922-இல் பிராகு நகரில் அரங்கேறியது. அதன் தலைவி, அரசவை மருத்துவனாகிய தந்தை ஆக்கிய மருந்தையுண்டு முந்நூறு ஆண்டிற்கு மேல் வாழ்ந்தவள். எல்லாம் கண்டு, எல்லாம் சலித்து, உள்ளம் பனிபோலுறைந்து, ஈற்றில் மருந்து கைக்கெட்டியும் வேண்டாது சாவினை ஏற்கின்றாள். இதனை எடுத்துக்கொண்டு ஆங்கிலத் தத்துவநூலார் பெர்னார்டு வில்லியம்ஸ் 1973-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் ஓர் இருதலைக்கோள் நிறுத்தினார். முடிவின்றி வாழ்வானொருவன் தன் இயல்பு மாறாதிருப்பின் சலிப்பெய்துவன். இயல்பு மாறின் வாழ்பவன் அவனல்லன், வேறொருவன். ஆகலின் முடிவிலா வாழ்வு விரும்பத்தக்கதன்று என்பது அதன் சாரம்.

இத்தடையைத் துறக்கம் பேசுவார் விடுக்கமாட்டார். நாமும் எளிதிற் கடந்துபோதல் இயலாது. என்னை? முத்தியில் உயிர் கெட்டொழிவதில்லை, இறைவனோடு ஒன்றாய்க் கரைந்து பொருளிழத்தலும் இல்லை, முப்பொருளும் ஆண்டும் உள என்பது நம் கொள்கையாகலின், முடிவிலா இருப்பினை நாமும் உடன்பட்டவரே. ஆகவே விடை கூறும் கடப்பாடு நமக்கு உண்டு.

இயல்பு மாறின் அவன் வேறொருவனாம் என்பதனை முன்னர் மறுப்பாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. பளிங்கு அயலிலுள்ள நிறத்தைத் தன்னிறமாகக் காட்டும். நிறம் நீங்கின் பளிங்கு நீங்கிற்றில்லை. வில்லியம்ஸ் இயல்பு என்று கொண்டன யாவும் மலம் கன்மம் மாயை என்பவற்றின் சார்பினால் வந்தன. ஐந்து வயதிற் சிறுதேருருட்டி மகிழ்ந்தவன் ஐம்பதில் அதனை நாடான். அச்சிறுவன் இறந்தான் என்று எந்தத் தாயும் அழுதிலள்.

மாறாதிருப்பின் சலிக்கும் என்பதோ எனின், சலிப்பிற்கு வேண்டுவன இரண்டு. ஒன்று, நுகரப்படும் பொருள் எல்லைக்குட்பட்டதாதல். மற்றொன்று, அறிவு ஒன்றைப் பற்றி ஒன்றைவிட்டுச் செல்லும் சுட்டறிவாதல். கலை, வித்தை, அராகம், காலம், நியதி என்னும் சட்டையைப் போர்த்தே உயிர் நாளெண்ணுகின்றது, நாளெண்ணுதலின் சலிக்கின்றது. அச்சட்டை கழன்றவழி எண்ணுதற்கு நாளில்லை. அறியப்படும் பொருளோ அளவின்றி நிறைந்தது. நாடகத் தலைவிக்கு நீண்டது காலமே, கழன்றது மலமன்று. செம்பிற் களிம்பு முந்நூறு ஆண்டிருப்பினும் களிம்பே. அவள் சாவினை விரும்பியது வியப்பன்று. முந்நூறு ஆண்டின்பின் சித்தாந்தியும் அவ்வுடம்பை வேண்டான்.

இஃது அனுபவத்திற்கு எட்டாத சொல் மாத்திரையே என்பார்க்கு எம் சிற்றனுபவம் ஒன்று கூறுவாம். முப்பத்தைந்தாண்டு ஒரே நூல்களை மாணாக்கர்க்குப் பாடஞ்சொன்னேம், சலித்தேமல்லேம். பணியோய்வு பெற்றபின் செய்வதொன்றுமின்றிக் கழிந்த சில திங்களே சலிப்பு இன்னதென்று எமக்குக் காட்டின. ஆகலின் சலிப்பிற்குக் காரணம் காலநீட்சியன்று. யான் என்னும் முனைப்புத் தன்னையே பார்த்துக்கொண்டு கிடத்தலேயாம். இஃது உவமையே, முத்தியை நிறுவும் சான்றென்று கொள்ளற்க.

இனி அம்மாணாக்கனுக்கு யாம் கூறியதனைக் கூறி முடிப்பாம். "அப்பா, நின் அன்னை மீண்டும் ஓர் உடம்பெடுத்து வருந்துதல் வேண்டா என்று நீ விரும்பினாய். நாள்தோறும் நாங்கள் திருமுன் நின்று வேண்டுவதும் அதுவே. விருப்பத்தில் நமக்குள் மாறுபாடில்லை. உடம்பு கழிந்த அளவானே பிறவி ஒழிந்ததோ, அன்றோ என்பதே நம்மிடை வழக்கு. அதனைப் பொறுமையாக ஆராய்வோம், வா" என்றேம். அதன்பின் அவன் சிலமுறை எம் இல்லம் வந்து வாதிட்டான். இன்னும் உடன்பட்டிலன்; ஆயினும் வருகின்றான். கைகொட்டல் பெற்ற அச்சொற்பொழிவு அவனைத் திருக்கோயில் வாயிலினின்றும் துரத்தியிருக்கும்.

சைவ நன்மக்காள்! இறவாமை வேட்கை ஆத்திகத்தின் அடையாளமன்று. திருக்கூட்டத்துச் சிறப்புரைத்த சேக்கிழார் பெருமான், அடியார் கூடும் அன்பினிற் கும்பிடுதலையன்றி வீடுபேற்றையும் வேண்டாதவர் என்றன்றோ காட்டியருளினார்? வேண்டாமை இருதிறத்தார்க்கும் உண்டு. ஒருவர்க்கு அது சலிப்பினால் வந்தது. மற்றவர்க்கு அன்பினால் வந்தது. அவ்வேறுபாட்டை நம் ஒழுக்கத்தாற் காட்டுதலே நம் கடன். சாவச்சத்தைத் தூண்டிலிரையாக்கி ஆள்பிடித்தல் நம் ஆசாரியர் நெறியன்று. அங்ஙனம் பிடிபட்டு வருவானும் இறவாமையை நாடி வருவானேயன்றிச் சிவத்தை நாடி வரான்.

திருச்சிற்றம்பலம்.